கல்லூரி கேன்டீனில் பிளாஸ்டிக்கைக் குறைக்க: கழுவும் தொட்டியிலிருந்து தொடங்கும் வழிகாட்டி

கல்லூரிச் சுற்றுச்சூழல் மன்றம், என்.எஸ்.எஸ்., மெஸ் கமிட்டி என்று ஏதோ ஒன்றில் இருந்துகொண்டு, "நம்ம கேன்டீன்ல பிளாஸ்டிக்கை நிறுத்தணும்" என்று கிளம்பியிருப்பவர்களுக்காக இது. சென்னைக் கல்லூரிகளில் இந்த முயற்சி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் படுக்கிறது. முதல் வாரம் போஸ்டரும் உறுதிமொழியும். அடுத்த வாரம் பேப்பர் கப்புக்குத் தடை. அதற்கடுத்த வாரம் பதினொரு மணி இடைவேளையில் டம்ளர் தீர்ந்துபோய், டீ மாஸ்டர் கவுன்டருக்கு அடியிலிருந்து பழைய கப் கட்டைப் பிரிக்கிறார்.

மாஸ்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. பேப்பர் கப் இருந்தவரை யாரும் எதையும் கழுவ வேண்டியிருக்கவில்லை. இனி யார் கழுவுவார், எங்கே, எந்தத் தண்ணீரில், யார் சம்பளத்தில் என்பது முடிவாகாமல் எந்தத் தடையும் நிற்காது. அதனால் இந்த வழிகாட்டியில் கழுவுவது முன்னால் வருகிறது, தடை கடைசியில் வருகிறது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல்வரிடமோ பர்சாரிடமோ (கல்லூரியின் பணக் கணக்கைப் பார்ப்பவர்) எழுத்தில் ஓர் அனுமதி. கேன்டீன் ஒப்பந்தத்தின் நகல், குறிப்பாக அது எந்த மாதம் முடிகிறது என்ற விவரம். கேன்டீன் நடத்துபவரோடு அவசரமில்லாத நேரத்தில் உட்கார்ந்து ஒரு பேச்சு. மதியம் மூன்றரை மணிக்கு மேல் போனால் பேசுவார், பன்னிரண்டரைக்குப் போனால் முறைப்பார்.

காலக்கணக்கும் முக்கியம். ஜனவரி, பிப்ரவரியில் எண்ணிக்கை. ஏப்ரலில் ஒப்பந்தப் பேச்சு. மே விடுமுறையில் குழாய், தொட்டி வேலை. ஜூனில் திறக்கும்போதே புது முறை. நடு செமஸ்டரில் மாற்றினால் பழைய பழக்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். முதலாமாண்டு மாணவர்கள் வந்த நாளிலேயே ஸ்டீல் டம்ளரைப் பார்த்தால் அதுதான் வழக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

1. எண்ணுங்கள், எடை போடாதீர்கள்

பலர் தராசோடு போகிறார்கள். பிளாஸ்டிக் காற்று மாதிரி லேசானது. ஒரு நாள் குப்பையில் சோற்றுக் கழிவோடு ஒப்பிட்டால் அதன் எடை ஒன்றுமே இல்லாததுபோல் தெரியும். நிர்வாகம் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா?" என்று கேட்கும். பொருள்வாரியாக எண்ணுங்கள்: கப், ஸ்ட்ரா, சாம்பார் கவர், சட்னி கவர், பார்சல் டப்பா, தண்ணீர் பாட்டில், ஸ்பூன், கேரி பேக்.

குப்பையைக் கொட்டி எண்ணுவது ஒரு வழி. கையுறை போட்டு, தார்ப்பாய் விரித்து, வழக்கமான வேலை நாட்களில் செய்யுங்கள். பரீட்சை வாரம், சனிக்கிழமை வேண்டாம். ஆனால் அதைவிட நம்பகமானது கேன்டீன் கொள்முதல் பில். வாரத்துக்கு எத்தனை கட்டு கப், எத்தனை கிலோ கவர் வாங்கினார்கள் என்பது அதில் இருக்கும். பில்லைக் கேட்டதும் காட்டிவிட மாட்டார்கள். "உங்களுக்கு இதில் எவ்வளவு செலவு என்று கணக்குப் போட்டுத் தருகிறோம்" என்று கேட்டால் கிடைக்கும்.

விட்டுப்போகும் இடங்கள் மூன்று. ஜூஸ் கடை ஒன்று. மெயின் கேட்டில் வந்து இறங்கும் ஸ்விக்கி, சொமாட்டோ பொட்டலங்கள் இரண்டு. மூன்றாவதை யாரும் சொல்லத் துணிவதில்லை: துறை அலுவலகங்களுக்கும் பேராசிரியர் அறைகளுக்கும் காலை, மாலை ஃபிளாஸ்க்கில் போகும் டீ. அதோடு ஒரு கட்டு பேப்பர் கப்பும் போகும். மாணவர்களிடம் டம்ளரை நீட்டிவிட்டு ஸ்டாஃப் ரூமுக்குக் கப் அனுப்பினால் திட்டம் அன்றே செத்தது. ஒவ்வொரு அறைக்கும் பத்துப் பதினைந்து கண்ணாடி கிளாஸ் வாங்கி வைத்து, அங்கிருந்தே தொடங்கிவிடுவது உத்தமம்.

2. எது தடையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம், ஆனால் தவறாகச் சொல்லி மாட்டிக்கொள்ளவும் கூடாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருட்களுக்குத் தடை இருக்கிறது, தடிமன் எதுவானாலும். உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், சாப்பாட்டு மேசையில் விரிக்கும் தாள், தெர்மாகோல் தட்டு, கப், பிளாஸ்டிக் டம்ளர், ஸ்ட்ரா, தண்ணீர் பாக்கெட், கேரி பேக் எல்லாம் அதில் வரும். 2022 ஜூலை 1 முதல் மத்திய அரசின் தடையில் பிளாஸ்டிக் ஸ்பூன், ஃபோர்க், தட்டு, கலக்கும் குச்சி ஆகியவையும் இருக்கின்றன.

புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் பேப்பர் கப். "பேப்பர்தானே" என்பார்கள். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இல்லாவிட்டால் சூடான டீ அதில் நிற்காது. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் பேப்பர் தட்டும் அந்த 14-க்குள் அடக்கம். பேப்பர் கப் மீதான தடையை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஆகவே பிளாஸ்டிக் கப்பை எடுத்துவிட்டுப் பேப்பர் கப் வைப்பது மாற்றம் ஆகாது.

அடுத்தது "பயோ கவர்". மக்கும் பிளாஸ்டிக் என்று விற்பதில் பெரும்பகுதிக்குத் தொழில்முறை உரக்கூடத்தின் நீடித்த சூடு வேண்டும். கல்லூரித் தோட்டத்துக் குழியில் அது வருடக்கணக்கில் கிடக்கும். உண்மையான மக்கும் பைக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று எண் அச்சாகியிருக்க வேண்டும். பச்சை நிறமும் இலைப் படமும் சான்று அல்ல. என் கருத்து, இந்தப் பக்கமே போகாதீர்கள். கழுவிப் பயன்படுத்துவதும் இலையும் போதும்.

3. கழுவும் இடத்தைக் கட்டுங்கள்

மொத்த வேலையில் பாதி இதுதான். பெரும்பாலான கேன்டீன்களில் கழுவும் இடம் என்றால் பின்பக்கம் ஒரு குழாய், ஒரு அண்டா, குனிந்து உட்கார்ந்து தேய்க்கும் ஒரு அக்கா. கப்பை நிறுத்திய மறுநாள் அவருக்கு வேலை பல மடங்காகும்; சம்பளம் அதேதான். அவர் நின்றுவிட்டால் திட்டமும் நின்றது.

நின்றபடி வேலை செய்யும் உயரத்தில் மூன்று தொட்டிகள் வேண்டும். முதலில் சோப்பு நீர், அடுத்து நல்ல தண்ணீரில் அலசல், கடைசியில் வெந்நீர். வெந்நீர் 77 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல், டம்ளர் அரை நிமிடம் மூழ்கியிருக்க வேண்டும். அதற்குக் கம்பிக் கூடை வாங்குங்கள், கை விடக் கூடாது. சூடான டம்ளர் தானாகவே சீக்கிரம் காய்ந்துவிடும். அடைமழைக் காலத்தில் இதன் அருமை தெரியும். ஈர டம்ளரை அடுக்கினால் வாடை வரும், மாணவர்கள் ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டால் திரும்ப வாங்க மாட்டார்கள்.

தொட்டிக்கு முன்னால் ஒரு மேசை, அதில் மிச்சத்தைத் தட்டும் வாளி. தட்டாமல் தொட்டியில் போட்டால் சோப்பு நீர் பத்து நிமிடத்தில் சாம்பாராகிவிடும், அப்புறம் எத்தனை லிட்டர் ஊற்றினாலும் போதாது.

தண்ணீர்க் கணக்கைத் தனியாகப் போடுங்கள். 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது இந்த ஊரில் பல ஐடி நிறுவனங்கள் ஆட்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னதை யாரும் மறந்திருக்க முடியாது. "லாரித் தண்ணி வாங்கிக் கழுவச் சொல்றீங்களா?" என்று பர்சார் கேட்பார்; நியாயமான கேள்வி. பதில் மூன்று. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவாமல் தொட்டியில் நிரப்பிக் கழுவுவது. ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் நீரைப் பிடித்து முதல் அலசலுக்கு மட்டும் பயன்படுத்துவது (உப்பு அதிகம் என்பதால் கடைசி அலசலுக்கு வேண்டாம், எவர்சில்வரில் வெள்ளைப் படிவம் விழும்). தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தால் சாப்பாட்டுத் தட்டுக்கு மேல் இலை போட்டுப் பரிமாறுவது, அதை முன்கூட்டியே திட்டத்தில் எழுதி வைப்பது. எழுதி வைக்காவிட்டால் தட்டுப்பாடு நாளில் திரும்ப வருவது பிளாஸ்டிக் தாள்தான்.

முடிந்தால் கழுவும் இடத்தை மாணவர்கள் கண்ணில் படும்படி வையுங்கள். கொரோனாவுக்குப் பிறகு "எச்சில் டம்ளர்" என்ற தயக்கம் கூடியிருக்கிறது, பேப்பர் கப் சுத்தம் என்ற நம்பிக்கையும் கூடவே வந்துவிட்டது. வெந்நீரில் ஆவி பறக்க டம்ளர் முங்கி எழுவதைப் பார்ப்பவரிடம் வாதாட வேண்டியதில்லை.

4. எத்தனை டம்ளர் வேண்டும்?

நாளைக்கு 1,500 டீ விற்கிறது, அதனால் 1,500 டம்ளர் என்று சிலர் வாங்குகிறார்கள். பணமும் வீண், அடுக்க இடமும் இருக்காது. சிலர் 200 வாங்குகிறார்கள். அதுதான் நான் தொடக்கத்தில் சொன்ன பதினொரு மணிக் கதை. கணக்கு உச்ச நேரத்தை வைத்துப் போட வேண்டும்.

ஓர் உதாரணம். இருபது நிமிட இடைவேளையில் 600 டீ போகிறது, அதாவது நிமிடத்துக்கு 30. ஒரு டம்ளர் கையில் போய், குடித்து முடிந்து, திரும்பி வந்து, கழுவி மறுபடி கவுன்டருக்கு வர 15 நிமிடம். 30 பெருக்கல் 15, 450. தொலைவது, நசுங்குவது, எங்கோ ஜன்னலோரம் மறந்தது என்று ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 540. உங்கள் கேன்டீனில் ஒரு வாரம் நின்று இந்த இரண்டு எண்களை மட்டும் பிடியுங்கள்: உச்சத்தில் நிமிடத்துக்கு எத்தனை, சுற்று எத்தனை நிமிடம். டம்ளரை அதிகம் வாங்குவதைவிடச் சுற்றைக் குறைப்பது மலிவு.

டீக்குக் கண்ணாடி கிளாஸா, எவர்சில்வரா? உட்கார்ந்து குடிக்கும் இடமானால் கண்ணாடி நல்லது. அழுக்கு தெரியும், கை சுடாது. மரத்தடி, படிக்கட்டு என்று எடுத்துக்கொண்டு போகும் வளாகத்தில் கண்ணாடி உடைந்துகொண்டே இருக்கும். அங்கே விளிம்பு மடித்த கனமான எவர்சில்வர்தான். வாங்கும்போதே பாத்திரக் கடையில் பெயர் வெட்டச் சொல்லுங்கள், கல்லூரிப் பெயரும் "கேன்டீன்" என்றும். வீட்டுச் சீர்வரிசைப் பாத்திரத்துக்குச் செய்வதுதான். பெயர் வெட்டாத டம்ளர் விடுதி அறையில் பென் ஸ்டாண்டாகப் பட்டம் வாங்கிவிடும்.

5. பணமும் ஒப்பந்தமும்

கப் ஒன்று 75 காசு என்று வைத்தால் நாளைக்கு 1,500 கப், ஆண்டுக்கு 200 வேலை நாள்: 2,25,000 ரூபாய். எதிர்ப்பக்கம் 540 டம்ளர் தலா 50 ரூபாய் வீதம் 27,000. கழுவ கூடுதலாக ஒருவர், மாதம் 15,000 வீதம் பத்து மாதம், 1,50,000. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். மிச்சம் பெரிதாக இருக்காது. இதில் லாபம் கொட்டும் என்று நிர்வாகத்திடம் சொல்லாதீர்கள். கப் கம்பெனிக்குப் போன பணம் கழுவுபவருக்குச் சம்பளமாகப் போகிறது, அவ்வளவுதான்.

தொட்டியும் குழாயும் கல்லூரிச் செலவு, டம்ளர் பாதிப் பாதி, ஆள் சம்பளம் கேன்டீன் செலவு என்று பிரித்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். எல்லாவற்றையும் நடத்துபவர் தலையில் கட்டினால் டீ விலை ஏறும், அந்தக் கோபம் உங்கள் மீது திரும்பும்.

புது ஒப்பந்தத்தில் "பிளாஸ்டிக் பயன்படுத்தக் கூடாது" என்று ஒற்றை வரி எழுதாதீர்கள். அதை யாரும் சோதிக்க முடியாது. எந்தப் பொருட்கள் வளாகத்துக்குள் வரக் கூடாது என்று பெயர் பெயராக எழுதுங்கள். உச்ச நேரத்தில் கழுவ எத்தனை பேர், கொள்முதல் பில்லை மாதம் ஒருமுறை மெஸ் கமிட்டிக்குக் காட்டுவது, மீறினால் என்ன தொகை, எல்லாம் அதில் இருக்கட்டும்.

6. காலி டம்ளர் திரும்பும் வழி

திரும்பப் போடும் தொட்டியைக் கவுன்டருக்குப் பக்கத்தில் வைப்பது வழக்கமான தவறு. டீ வாங்கியவர் அங்கே நிற்பதில்லை. அவர் குடித்து முடிக்கும் இடத்தில், வகுப்புக்குப் போகும் வழியில் வையுங்கள். முதல் வாரம் இடைவேளை முடிந்ததும் வளாகத்தைச் சுற்றி, டம்ளர்கள் எங்கே கிடக்கின்றன என்று பாருங்கள். அவை கிடக்கும் இடம்தான் தொட்டி வைக்க வேண்டிய இடம்.

அப்படியும் குறைந்தால் முன்பணம். டம்ளருக்குப் பத்து ரூபாய், திருப்பித் தந்தால் பணம் திரும்பும். நீலகிரியில் டாஸ்மாக் காலி பாட்டிலுக்கு இதே பத்து ரூபாய் முறைதான் 2022-ல் வந்தது. எடுத்துக்காட்டாக அதைப் பிரின்சிபால் முன்னால் சொல்ல வேண்டாம். இடைவேளை நெரிசலில் சில்லறை கொடுத்து வாங்குவது வரிசையை நீட்டும் என்பதால், முன்பணத்தை ஜூஸ் கடைக்கும் விழா நாட்களுக்கும் வைத்துக்கொள்வது நல்லது.

7. குடிநீர்

தண்ணீர் பாட்டில் விற்பதை நிறுத்துவதற்கு முன் குழாய் சரியாக இருக்க வேண்டும். குழாய்க்கும் தட்டுக்கும் நடுவே ஒரு லிட்டர் பாட்டில் நிமிர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். டம்ளர் மட்டும் நுழையும் உயரத்தில் வைத்துவிட்டுப் "பாட்டில் கொண்டு வாருங்கள்" என்று எழுதி ஒட்டிய இடங்கள் நிறைய.

அடுத்தது நம்பிக்கை. சென்னையில் குழாய்த் தண்ணீரைச் சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கம் ஆழமானது. ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதித்து, அறிக்கையைத் தேதியோடு குழாய்க்கு மேலேயே ஒட்டுங்கள். ஃபில்டர் மாற்றிய தேதியும் பக்கத்தில். பழைய தேதி தொங்கினால் அறிக்கை இல்லாததைவிட மோசம்.

அப்புறம் ஃப்ரிட்ஜில் பாட்டிலை முன் வரிசையிலிருந்து எடுத்துக் கீழ்த்தட்டில் வைக்கச் சொல்லுங்கள். உடனடித் தடையைவிட இது சண்டையில்லாத வழி. மிஞ்சும் பெட் பாட்டில்களைத் தனிச் சாக்கில் சேர்த்தால் காயலான் கடைக்காரர் எடுத்துக்கொள்வார்.

8. தட்டு, இலை, ஸ்பூன்

தட்டின் மேல் பிளாஸ்டிக் தாள் விரிப்பது கழுவும் வேலையைத் தவிர்க்கத்தான். அந்த இடத்தில் வட்டமாக நறுக்கிய வாழை இலை வரட்டும். கோயம்பேட்டில் முகூர்த்த நாட்களில் இலை விலை எகிறும், புயல் அடித்தால் வரத்தே குறையும். அந்த நாட்களுக்கு மந்தாரை இலைத் தட்டோ பாக்கு மட்டைத் தட்டோ கொஞ்சம் இருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

எவர்சில்வர் ஸ்பூன் தொலைவது திருட்டால் அல்ல, பெரும்பாலும் மிச்சச் சோற்றோடு வாளிக்குள் விழுந்துதான். வாளியின் வாயில் கம்பி வலை போடுங்கள்.

9. பார்சல்

இதுதான் கடினமான பகுதி. டம்ளர் வேலை ஓடத் தொடங்கிய பிறகே இதைத் தொடுங்கள். இட்லி, தோசை, பரோட்டா பிரச்சினை இல்லை: உள்ளே வாழை இலை, வெளியே பிரவுன் பேப்பர். இலை கிழியாமல் இருக்க அனலில் லேசாக வாட்டிக்கொள்ள வேண்டும், மாஸ்டர்களுக்குத் தெரிந்த வேலைதான். பழைய செய்தித்தாளில் கட்ட வேண்டாம். அச்சு மையில் ஈயம் போன்றவை இருக்கலாம் என்பதால் உணவுப் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்திருக்கிறது.

சாம்பாரும் சட்னியும்தான் சிக்கல். கொதிக்கும் சாம்பாரை மெல்லிய கவரில் ஊற்றி நூல் கட்டுவதற்கு அதே விலையில், அதே வேகத்தில் மாற்று கிடையாது. அதனால் தேவையைக் குறைக்க வேண்டும். பார்சலுக்கு ஏற்கனவே ஒரு கட்டணம் வாங்குகிறார்கள்; சொந்த டப்பா கொண்டு வந்தால் அந்தக் கட்டணம் இல்லை என்று விலைப்பலகையிலேயே எழுதச் சொல்லுங்கள். தள்ளுபடி என்பதைவிடக் "கட்டணம் இல்லை" என்பது வேலை செய்யும்.

டப்பா மறந்தவர்களுக்குக் கேன்டீனே முன்பணத்துக்கு இரண்டடுக்கு டிபன் பாக்ஸ் தரலாம். விடுதி மாணவர்களிடம் இது நன்றாக ஓடும், மாலையில் திரும்ப வந்துவிடும். வீட்டுக்குப் போகும் மாணவர்களிடம் அடுத்த நாள்தான் வரும், மூடி மட்டும் ஒரு வாரம் கழித்து வரும்.

பால் பாக்கெட் தடையில் இல்லை, நிறுத்தவும் முடியாது. மூலையை முழுதாக வெட்டி எறியாமல், ஒட்டியபடியே கீறி ஊற்றச் சொல்லுங்கள். அந்தச் சின்னத் துண்டை எந்தத் துடைப்பமும் பிடிக்காது, அடுத்த மழையில் வாய்க்காலுக்குப் போய்விடும். காலி பாக்கெட்டைக் கழுவிக் காய வைத்தால் அதற்கும் விலை உண்டு.

10. விழா நாட்கள்

ஒரு செமஸ்டர் முழுக்கச் சேமித்ததை இரண்டு நாள் கல்ச்சுரல்ஸ் முழுங்கிவிடும். வெளியிலிருந்து வரும் ஸ்டால்காரர்களுக்கு உங்கள் விதி தெரியாது. இடம் ஒதுக்கும்போதே பொருள் பட்டியலைக் கொடுத்து, வைப்புத்தொகை வாங்கிவிடுங்கள். விழா காலையில் போய்ச் சொன்னால் அவர் என்ன செய்வார், சரக்கு வண்டியில் வந்து இறங்கிவிட்டதே.

கருத்தரங்கு மதியச் சாப்பாட்டைக் கறுப்பு டப்பாவில் வரவழைக்காமல் பந்தியாகவோ தட்டிலோ பரிமாறுங்கள். தட்டும் டம்ளரும் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் பாத்திரக் கடையில் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். வாடகையைவிடக் கழுவிக் கொடுக்கும் ஆளுக்கு முன்பே சொல்லி வைப்பதுதான் முக்கியம். மேடையில் விருந்தினர் முன் வரிசையாக நிற்கும் குட்டித் தண்ணீர் பாட்டிலுக்குப் பதில் சொம்பும் டம்ளரும்.

11. தடை அறிவிப்பு

எல்லாம் ஓடுகிறது, ஒரு மாதமாக உச்ச நேரத்தில் டம்ளர் தீரவில்லை என்றால், இப்போது போஸ்டர் ஒட்டலாம். எழுத வேண்டியது இரண்டே விஷயம்: டம்ளரை எங்கே போட வேண்டும், டப்பா கொண்டு வந்தால் என்ன மிச்சம்.

செமஸ்டருக்கு ஒருமுறை முதல் படியில் செய்த அதே எண்ணிக்கையை, அதே மாதிரி வேலை நாட்களில், அதே பொருள் பட்டியலோடு செய்யுங்கள். பட்டியலை மாற்றினால் ஒப்பிட முடியாது. இறுதியாண்டு மாணவர்கள் ஏப்ரலில் போய்விடுவார்கள் என்பதால் இந்தக் கணக்கு ஃபைலை அவர்கள் லேப்டாப்பில் வைக்காமல், ஒப்பந்த நகலோடு சேர்த்து மெஸ் கமிட்டி அலமாரியில் வையுங்கள். அதில் கழுவும் அக்காவின் வேலை நேரத்தையும், அவர் விடுப்பில் போனால் யார் வருவார் என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.